ஆயில் மாற்றிய மறுநாள் எரியும் மஞ்சள் விளக்கு... கை பட்ட இடத்தில் தேடுங்கள்!

திண்டிவனம் பைபாஸ் ஓரம், தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பதினொன்று. பானெட் மீது கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு வெயில். மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் செருகினார். பிறகு தன் போனை என்னிடம் நீட்டினார். "படிச்சுப் பாருங்க சார்" என்றார். இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை என்று போட்டு, எதிரே மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் என்று இருந்தது.

முதல் நாள் மாலைதான் சென்னையில் ஆயில் சர்வீஸ் முடித்து வண்டியை எடுத்திருந்தேன். மறுநாள் விழுப்புரத்தில் உறவினர் வீட்டு வளைகாப்பு. பரனூர் டோலில் வரிசையில் நின்றபோது மனைவிதான் கவனித்தார்: "மீட்டர்ல ஏதோ மஞ்சளா எரியுதே, பாத்தீங்களா?" இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எரிந்ததா, வழியில் எரிந்ததா, எனக்குத் தெரியவில்லை. வண்டியின் இழுவையில் குறை இல்லை, சத்தத்தில் மாற்றம் இல்லை. சர்வீஸ் செய்த கடைக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். பேட்டரி ஒயரைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க, லைட்டு போயிடும்" என்றார்கள்.

இந்த ஒரு வரி யோசனையை எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு ஒயரைக் கழற்றுகிறவர்களும் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

திண்டிவனத்து மெக்கானிக் ஸ்கேனரைத் தொடும் முன்பே ஒரு கேள்வி கேட்டார். "கடைசியா வண்டில யாரு கை வெச்சாங்க, எங்க வெச்சாங்க?" ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றினார்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காற்றடித்து மாட்டினார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். ஸ்கேனரில் வந்த எரர் கோடு பி0113. காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள்.

அந்த சென்சார் ஒரு எளிய பொருள். குளிரக் குளிர அதன் மின்தடை கூடும், சூடானால் குறையும். ஒயரே விட்டுப்போனால் தடை எல்லை இல்லாமல் கூடியதாகக் கம்ப்யூட்டருக்குத் தோன்றும். 'இதைவிடக் குளிர் இல்லை' என்று அது தன் அளவுகோலின் அடிமட்டத்தைக் காட்டும். அந்த அடிமட்டம்தான் மைனஸ் 40. சித்திரை வெயிலில் இந்த எண்ணைப் பார்த்தால் சென்சாரை மாற்ற ஓட வேண்டாம், ஒயரைப் பார்க்க வேண்டும்.

அவர் ஏர் ஃபில்டர் டப்பாவின் பக்கவாட்டில் விரலை விட்டு, பாதி மாட்டியபடி தொங்கிய ஒரு கப்ளரை அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். போனில் மைனஸ் 40 போய் 46 வந்தது. ஸ்கேனர் போட்டதற்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். கப்ளரை மாட்டியதற்குக் காசு வேண்டாம் என்றார்.

மூன்று விளக்கு, மூன்று சேதி

ஆயில் மாற்றிய பிறகு டேஷ்போர்டில் ஏதாவது எரிந்தால், எது எரிகிறது என்பதுதான் முதல் கேள்வி. 'இன்ஜின் லைட்' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை மூன்று வெவ்வேறு விளக்குகள்.

ஸ்பேனர் படமோ, 'சர்வீஸ்' என்ற சொல்லோ தெரிந்தால் பயமில்லை. இத்தனை கிலோமீட்டர் ஆகிவிட்டது, சர்வீஸ் செய்யுங்கள் என்ற நினைவூட்டல்தான் பெரும்பாலும் அது. ஆயிலை மாற்றியவர்கள் கணக்கைப் பூஜ்ஜியமாக்க மறந்திருப்பார்கள். உங்கள் மாடலில் அது வேறு எதையாவது குறிக்கிறதா என்று கார் கையேட்டில் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

சிவப்பு நிறத்தில், மூக்கு நீண்ட எண்ணெய்க் குவளையும் நுனியில் ஒரு சொட்டுமாக எரிந்தால், அடுத்த டீக்கடை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இந்த விளக்கைப் பலர் 'ஆயில் குறைந்துவிட்டது' என்று புரிந்துகொள்கிறார்கள். அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ.க்கு மேல். இந்த விளக்கு பெரும்பாலான வண்டிகளில் எரிவது, ஆயிலின் அழுத்தம் சுமார் 7 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கும் கீழே இறங்கும்போதுதான். அதாவது அது எரியும் நேரத்தில் நிலைமை ஏற்கெனவே கைமீறிவிட்டது. கிராங்க் ஷாஃப்டும் அதன் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது, நடுவே பம்ப் அழுத்தித் தள்ளும் மெல்லிய ஆயில் படலத்தால். படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். இன்ஜின் 'சீஸ்' ஆக மணிக்கணக்கு தேவையில்லை, நிமிடக்கணக்கு போதும்.

ஆயில் மாற்றிய கையோடு இந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கும். ஆயில் தங்கும் சம்பின் அடியிலுள்ள டிரெய்ன் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை, அல்லது அதன் வாஷர் தேய்ந்துவிட்டது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, அதன் மேலேயே புது ஃபில்டரையும் மாட்டிவிட்டார்கள். இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்தால் இறுக்கம் நிற்காது. கடையிலிருந்து கிளம்பும்போது சொட்டு விடாமல் இருக்கும், நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறியதும் பீய்ச்சி அடிக்கும். பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்ற மறந்த சம்பவங்களும் உண்டு. அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புது ஃபில்டர் காலியாக இருப்பதால், ஆயில் மாற்றிய பிறகு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அது நிரம்பும் வரை சில விநாடிகள் சிவப்பு விளக்கு எரியும். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து ரேஸ் செய்யக் கூடாது. பத்து விநாடி ஆகியும் அணையவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

புகையிலிருந்து பிறந்த விளக்கு

மஞ்சள் விளக்கின் கதை வேறு. அது இன்ஜினைக் காப்பாற்றப் பிறந்ததல்ல என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். அதன் பிறப்பிடம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டம். கண்ணை எரிய வைத்த அந்த மூட்டத்துக்குக் காரணம், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் சூரிய ஒளியில் வினைபுரிவதே என்று 1950களில் விளக்கியவர் கால்டெக் வேதியியலாளர் ஏரி ஹாகன்-ஸ்மிட். 1967-ல் கலிஃபோர்னியாவில் உருவான காற்றுவள வாரியம், புதுக் கார்கள் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, பழசானாலும் சுத்தமாக இருக்கிறதா என்று காரே தன்னைக் கண்காணிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. 1988 மாடல் கார்களிலிருந்து அங்கே ஓ.பி.டி. என்ற தற்சோதனை முறை கட்டாயமானது. 1996-ல் அதன் இரண்டாம் தலைமுறை அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. எல்லா கம்பெனிக்கும் ஒரே 16 பின் சாக்கெட், ஒரே கோடு மொழி என்று ஆனது அப்போதுதான்.

நம் நாட்டில் சென்னை உட்பட 13 பெருநகரங்களுக்கு பி.எஸ். 4 புகை விதி வந்த 2010 ஏப்ரலில் ஓ.பி.டி.யின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 அந்தக் கண்காணிப்பை இன்னும் இறுக்கியது. ஆகவே உங்கள் கார் இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வாங்கியது என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்த 16 பின் சாக்கெட் இருக்கும்.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரிவது ஏன் என்பது ஒன்று. புகையின் அளவு மாறக்கூடிய எந்தக் கோளாறையும் சொல்வதுதான் அதன் வேலை, இழுவை குறைந்ததா என்பது அதற்கு இரண்டாம் பட்சம். கடையை விட்டுக் கிளம்பியவுடன் எரியாமல் மறுநாள் எரிவது ஏன் என்பது இன்னொன்று. பல கோளாறுகளை இந்த முறை ஒரு தடவை பார்த்ததும் விளக்கு போட்டுச் சொல்லிவிடாது. அடுத்த பயணத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் உறுதி செய்துகொண்டு எரியும். கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது ஒரு பயணம், மறுநாள் காலை இரண்டாவது. "எங்க கடையில இருந்து போகும்போது லைட் எரியலையே சார்" என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவர் கை அதில் இல்லை என்று ஆகிவிடாது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், இழுவையும் சத்தமும் வெப்பமானியும் சரியாக இருக்கும்வரை நிதானமாக ஓட்டி ஒரு மெக்கானிக்கை அடையலாம். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. சிலிண்டர் ஒன்றில் பெட்ரோல் எரியாமல் போகிறது, நம் ஊர்ப் பேச்சில் வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதை மாற்றும் செலவு பல ஆயிரங்களில் இருக்கும். மின்னினால் காலை எடுங்கள், ஓரம் கட்டுங்கள்.

எங்கெங்கே கை பட்டது?

திண்டிவனத்துக்காரர் கேட்ட கேள்விதான் இந்தக் கோளாறுக்குச் சாவி. ஆயில் சர்வீஸில் கை படும் இடங்கள் மிகக் குறைவு. பானெட்டைத் திறந்து பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம், இன்ஜின் ஆறியிருந்தால் போதும்.

ஆயில் ஊற்றும் மூடி முழுதாகத் திருகியிருக்கிறதா? டிப்ஸ்டிக் அடிவரை இறங்கி உட்கார்ந்திருக்கிறதா? இன்ஜினின் உள்ளே எழும் ஆவியை மூச்சுக்குழாய் ஒன்று காற்றுவழிக்கே திருப்பி அனுப்புகிறது. மூடி தளர்ந்திருந்தால் அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். காற்றை முதலிலேயே அளந்து பெட்ரோல் விடும் வண்டிகளில், காற்று அதிகம் பெட்ரோல் குறைவு என்று பி0171 என்ற கோடு வரும். மற்ற வண்டிகளில் ஐடிலிங் ஏறி இறங்கும், இன்ஜினைச் சுற்றி ஆயில் தெறித்திருக்கும். அடுத்து ஏர் ஃபில்டர் டப்பா. கிளிப்புகள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா, கப்ளர்கள் 'டக்' என்று உட்கார்ந்திருக்கின்றனவா, ரப்பர் குழாய் எங்காவது கிழிந்தோ கழன்றோ இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு நடந்தது இதுதான், பலருக்கும் நடப்பது இதுதான்.

இந்த பி0171 பற்றி ஒரு வார்த்தை. காற்று அதிகம் என்ற சேதியைக் கொண்டுவருவது சைலன்சர் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார். கோடு எண்ணைப் பார்த்ததும் அந்த சென்சாரையே மாற்றச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. கோடு காட்டுவது கோளாறு தெரிந்த இடத்தை, கெட்டுப்போன பாகத்தை அல்ல. சேதி சொன்னவரைத் தூக்கி எறிவதால் சேதி பொய்யாகிவிடாது. சில ஆயிரம் ரூபாய் சென்சாரை மாற்றிய பிறகும் விளக்கு எரியும், ஏனென்றால் மூடி இன்னும் தளர்வாகத்தான் இருக்கும்.

அடுத்தது, நான் மிகவும் கவலைப்படும் விஷயம்: ஆயிலின் அளவு. குறைவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம், கூடுவதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. 'கொஞ்சம் சேர்த்து ஊத்துனா வண்டிக்கு நல்லதுதானே' என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடையில் 3.5 லிட்டர் கேன் வரும். உங்கள் சின்ன காருக்குத் தேவை 3 லிட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். மீதியை எடுத்து வைக்கச் சோம்பல், வாடிக்கையாளரிடம் மிச்சத்தைத் திருப்பித் தரும் பழக்கமும் இல்லை. கேன் முழுவதும் உள்ளே போய்விடும். மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்து, மத்து தயிரைக் கடைவதுபோல் கடையும். நுரைத்த ஆயிலில் காற்று கலந்திருப்பதால் பம்ப்பால் அழுத்தம் தர முடியாது. எண்ணெய் அதிகமாக இருந்தும் பேரிங் பட்டினி கிடக்கும். மீதி ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றுவழிக்கு ஏறி எரியும். நீலப் புகை, பிளக்கில் கரி, மிஸ்ஸிங், மஞ்சள் விளக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். டீசல் வண்டியில் இது இன்னும் ஆபத்து. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை என்பதால், உள்ளே ஏறும் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியை அணைத்த பிறகும் தறிகெட்டுச் சுழலக்கூடும்.

அளப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஐந்து பத்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடையுங்கள். மறுபடி முழுதாக இறக்கி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டியிருந்தால் அதிகப்படியை இறக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

"நம்ம வெயிலுக்குத் திக்கான ஆயில்"

கை பட்ட இடமெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஊற்றிய ஆயில் எது என்று கேளுங்கள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயில்தான் ஓடியது. அந்த நினைவு பல ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் இருக்கிறது. கார் கையேடு 0டபிள்யூ-20 என்று சொன்னாலும், "தண்ணி மாதிரி இருக்கு சார், நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது" என்று கெட்டியானதை ஊற்றுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இது.

ஆயில் கேனில் உள்ள இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் குறிக்கிறது. ஓடிச் சூடான இன்ஜினின் வெப்பத்தை தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே நிலையில் வைத்திருக்கும், வேலூராக இருந்தாலும் ஊட்டியாக இருந்தாலும் சரி. வெளியே அடிக்கும் வெயிலைவிட, இன்ஜினின் பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பதே ஆயிலைத் தீர்மானிக்கிறது.

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு இருக்கிறது. அதை நகர்த்துவது ஆயிலின் அழுத்தம். சல்லடை போன்ற நுண்வழிகள் வழியாக அது பாய வேண்டும். கெட்டியான ஆயில் தாமதமாகப் பாயும். கம்ப்யூட்டர் கேட்ட கோணத்துக்குக் கேம் ஷாஃப்ட் வந்து சேராது. பி0011 போன்ற கோடு பதிவாகும். பல மாதம் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில், அடியில் படிந்த கசடு புது ஆயிலில் கிளம்பி அதே வழியை அடைத்தாலும் இதே கோடு வரும்.

பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். தவறான ஆயில் அடுத்த நாளே விளக்கைப் போடாது. கரியை வடிகட்டி எரித்துவிடும், ஆனால் ஆயில் விட்ட சாம்பலை எரிக்க முடியாது. அது மாதக்கணக்கில் சேர்ந்து அடைக்கும்.

ஆயிலுக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லாமலும் போகலாம். இக்னிஷன் காயிலோ ஆக்ஸிஜன் சென்சாரோ சர்வீஸுக்கு மறுநாள் கெட்டுப்போனால் பழி மெக்கானிக் தலையில் விழும். யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் சாட்சி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. கோளாறு பதிவான கணத்தில் இன்ஜின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனது என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு புகைப்படம்போல உறையவைத்துச் சேமிக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றினால் பல வண்டிகளில் அந்தச் சாட்சி அழிந்துபோகும். கோளாறு அப்படியே இருக்கும். விளக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி எரியும், அப்போது எங்கே எப்படித் தொடங்கியது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. என்னைப் போனில் கழற்றச் சொன்ன கடைக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்வது அவர்கள் தொழிலுக்குக் கடமை.

திண்டிவனத்தில் நானும் கேட்டேன். "அண்ணே, லைட்டை அழிச்சுக் கொடுத்துடுங்களேன்." அவர் கருவியைப் பிடுங்கிப் பையில் வைத்தார். "கோளாறு சரியாயிருந்தா அதுவே அணையும் சார். அணையலைன்னா நான் தப்புப் பண்ணியிருக்கேன்னு அர்த்தம். அப்ப திரும்பி வாங்க." அவர் சொன்னது சரி. கோளாறு இல்லாமல் தொடர்ந்து மூன்று பயணம் முடிந்தால் விளக்கு தானே அணைய வேண்டும் என்பது ஓ.பி.டி. விதி. வளைகாப்பு முடிந்து சென்னை திரும்பி, செவ்வாய்க்கிழமை அலுவலகம் கிளம்பியபோது விளக்கு இல்லை.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது கடையிலேயே இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், டிப்ஸ்டிக்கை உங்கள் கையால் எடுத்துப் பாருங்கள். பில்லில் ஆயிலின் கிரேடையும், ஊற்றிய லிட்டரையும் எழுதச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து ஸ்கேனர் போட்டால், கோடு எண்ணையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.